வீடும் வகுப்பறையும்: சிங்கப்பூர்த் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் கடந்து வந்த வழி



சைனாடவுனில் உள்ள மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தை அறியாதார் சிங்கப்பூரில் இல்லை. அதன் முகவரியை அறிந்தார் சிலரே. எண் 1, கடையநல்லூர்த் தெரு என்பதே அம்முகவரி. கடையநல்லூர் இன்றைய தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. அவ்வூரின் பெயர் கடல் கடந்து வந்து, சீனர்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதியின் ஒரு தெருவில் நிலைபெற்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், சிங்கப்பூரில் தமிழ்க் குழந்தைகள் எழுத்தறிந்த வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதியைக் கண்டுகொள்வோம்.

அவ்வரலாற்றைத் தலைவர்களின் அறிக்கைகளைக் கொண்டோ சட்டங்களின் பட்டியலைக் கொண்டோ மட்டும் எழுதிவிட முடியாது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழையும்போது எதைக் கொண்டுவருகிறது, பள்ளி அதற்கு எதைத் தருகிறது என்னும் இரு கேள்விகளே இவ்வுரைக்கு அடிப்படை. இவ்விரண்டுக்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் முன்னோர் கண்ட விடைகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. தொழும் பள்ளி முந்தியது. கற்கும் பள்ளி பிந்தியது

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் தொழுமிடத்தையும் குறிக்கும், கல்விக்கூடத்தையும் குறிக்கும். சிங்கப்பூரில் முதற்பொருள் மிக விரைவாகக் கைகூடியது. 1819இல் ஆங்கிலேயர் இங்கு வணிகத் தலம் அமைத்தனர். ஏழே ஆண்டுகளில், 1826இல், சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல் தோன்றியது. 1827இல் அதே சாலையில், ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதே ஆண்டில் தெலுக் ஆயர் தெருவில் 'குச்சுப் பள்ளி' என மக்கள் வழங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலும், 1830க்குள் அதே தெருவில் நாகூர் தர்காவும் உருவாயின. இன்று நாம் சைனாடவுன் என்றழைக்கும் வட்டாரத்திலும் அதன் ஓரத்திலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் தமிழர்கள் நான்கு வழிபாட்டிடங்களை எழுப்பிவிட்டனர்.

ஆனால் அதே வட்டாரத்தில் தமிழ்க் குழந்தைகளுக்கென்று தமிழர்களே நடத்தி, நெடுங்காலம் நிலைத்து நின்ற பள்ளி ஒன்று தோன்ற 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் நூறாண்டுக்கும் மேல். இறைவனுக்கு இடம் கண்டவர்கள் பிள்ளைகளுக்கு இடம் காணாமல் இருந்தது ஏன்?

முதற்காரணம் எளியது. பிள்ளைகள் இங்கே இல்லை. வணிகர், வட்டித் தொழில் செய்த செட்டியார், படகோட்டி, துறைமுகத் தொழிலாளி, சாலை போட்ட கூலியாள், அரசு கட்டடங்களைக் கட்டிய இந்தியக் கைதி என வந்தோர் அனைவரும் பெரும்பாலும் ஆண்கள். மனைவியும் மக்களும் ஊரில் இருந்தனர். சம்பாதித்தவர் பணம் அனுப்பினார். பிள்ளை ஊர்த் திண்ணையில் படித்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்போதுகூடச் சிங்கப்பூர் இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் என்னும் நிலையே இருந்தது. கோயிலுக்குத் தனியாள் போதும். பள்ளிக்குக் குடும்பம் வேண்டும். இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டால், பின்னர் நிகழ்ந்த பலவும் தெளிவாகும்.

2. திண்ணை கற்பித்தது என்ன?

ஊரில் அப்பிள்ளை எப்படிப் படித்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்வது நலம். திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதியது. ஆசிரியர் எழுத்தின் பெயரைச் சொல்ல, குழந்தை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். பின்னர் ஓலை, எழுத்தாணி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைப் படிக்க வைப்பான். ஓர் ஆசிரியர் பல நிலைப் பிள்ளைகளையும் ஒரே திண்ணையில் வைத்து நடத்த இம்முறை துணைபுரிந்தது.

இம்முறை உலகப் புகழ் பெற்றதும் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டார். தம் காப்பகத்திலும் அதனைப் புகுத்தினார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையோருக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால் அது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைச் சிறார் பள்ளிகள் பலவற்றில் பரவியது.

திண்ணைப் பள்ளியைப் போற்றுவோரும் உண்டு. மனப்பாடத்தையும் பிரம்பையும், சாதியாலும் பாலினத்தாலும் பலரை வெளியே நிறுத்திய கொடுமையையும் எண்ணிக் குறை கூறுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. நமக்கு இங்கே வேண்டியது மற்றொன்று. திண்ணைப் பள்ளி எழுத்தைக் கற்பித்தது, எண்ணைக் கற்பித்தது, செய்யுளைக் கற்பித்தது. தமிழ் பேசக் கற்பிக்கவில்லை. அதற்குத் தேவை எழவில்லை. பேச்சைத் தாயும் பாட்டியும் தெருவும் முன்பே கொடுத்துவிட்டிருந்தனர். குழந்தை நிறைந்த மொழியோடு வந்தது. ஆசிரியர் அம்மொழிக்கு வடிவம் காட்டினார். தமிழாசிரியரின் பணி எது என்பதைப் பற்றி நம்மிடையே நெடுங்காலம் நிலவிய எண்ணம் இங்கிருந்தே பிறந்தது.

3. முதல் முயற்சிகள்

சிங்கப்பூரில் 1823இல் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய கல்விக்கழகம் நெடுநாள் கட்டடமாகவே முற்றுப்பெறாமல் நின்றது. 1834இல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் ஆங்கிலத்துடன் தமிழ் வகுப்பும் இருந்தது. ஆயினும் அத்தமிழ் வகுப்பு சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. குடும்பங்கள் குறைவு, இருந்த சில குடும்பங்களும் ஆங்கிலம் அறிந்த எழுத்தர் வேலையையே பிள்ளைக்கு விரும்பின. இவ்விரு காரணங்களும் வெவ்வேறு உருவில் நம் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

நீரிணைக் குடியேற்றங்களின் கல்வி நிலையை ஆராய்ந்த ஊலி குழுவின் அறிக்கை 1870இல் வெளிவந்தது. 1872இல் ஸ்கின்னர் முதல் பள்ளிக் கண்காணிப்பாளரானார். அப்பத்தாண்டில் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் தமிழ் ஆங்கிலத்துக்கு ஏறும் படிக்கட்டு. குழந்தை தனக்குத் தெரிந்த மொழியில் தொடங்கி, தெரியாத மொழிக்குச் செல்ல வேண்டும் என்பது திட்டம். படிக்கட்டில் யாரும் தங்குவதில்லை. தமிழும் அப்பள்ளிகளில் தங்கவில்லை.

பெண் குழந்தைகளின் கல்வியில் மறக்கக்கூடாத ஆண்டு 1887. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் சமயப்பணியாளர் சோஃபியா பிளாக்மோர், அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதல் நாளில் வந்தோர் ஒன்பது சிறுமியர். தமிழ் வணிகர் சிலர் துணை நின்றனர். 'தமிழ்ப் பெண்கள் பள்ளி' என்பதே அதன் பெயர். இன்றைய லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள தெரு அது. பெண் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில் ஒன்பது வீடுகளின் கதவு திறந்தது எளிய செயலன்று. பள்ளி வளர்ந்தது, பிற இனச் சிறுமியரும் சேர்ந்தனர், பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று, பெயரும் மாறியது. இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்னும் பெயரில் அது சிறந்து விளங்குகிறது. பள்ளி வாழ்ந்தது, அதன் பெயரில் இருந்த தமிழ் மறைந்தது. இதனை வஞ்சனை என்று கூறுதல் பொருந்தாது. தம் மகளுக்கு நல்வாழ்வு வேண்டிய பெற்றோர் எல்லா இனத்திலும் அன்று செய்த தேர்வு அதுவே.

4. சங்கங்கள் எழுப்பிய பள்ளிகள்

இருபதாம் நூற்றாண்டில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் பெருகின. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தரம் எவ்வாறாயினும், முதலாளிக்கு ஒரு கடமை இருந்தது. துறைமுக நகரமாகிய சிங்கப்பூரில் தமிழர் பல்வேறு வேலைகளில், பல்வேறு முதலாளிகளிடம், பல்வேறு தெருக்களில் பரவியிருந்தனர். இங்கே அக்கடமையை ஏற்க ஒரு தோட்டத் துரை இல்லை. ஆகவே சமயநிறுவனங்களும் சங்கங்களும் அதனைத் தம் தோள்மேல் ஏற்றன.

1928இல் சிங்கப்பூரில் கால்கொண்ட இராமகிருஷ்ண மடம், சிராங்கூன் சாலையை ஒட்டிய நோரிஸ் சாலையில் சிறுவர்க்கு விவேகானந்தர் பெயரிலும் சிறுமியர்க்குச் சாரதாமணி தேவியார் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகள் நடத்தியது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் சாதியொழிப்பையும் கல்வியையும் ஒருசேரப் பேசியது. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். சமயவாதிகளும் சீர்திருத்தக்காரர்களும் பலவற்றில் மாறுபட்டனர். தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் பள்ளி வேண்டும் என்பதில் மட்டும் மாறுபடவில்லை.

5. கடையநல்லூர்க் குடும்பங்கள்

இப்போது நாம் தொடங்கிய தெருவுக்கு மீள்வோம்.

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். ஆடவர் பலர் அருகிலிருந்த துறைமுகத்தில் உழைத்தனர். பிற தமிழர்களிடமிருந்து இவர்களை வேறுபடுத்திக் காட்டியது ஒன்று: இவர்கள் குடும்பத்தோடு வந்தனர். பெண்களும் உழைத்தனர். மிளகாய், மல்லி, மஞ்சள் முதலியவற்றை அம்மியில் அரைத்துச் சந்தையில் விற்றனர். ஈரமசாலை அரைக்கும் அம்மியின் பக்கத்தில் குழந்தைகள் வளர்ந்தன. ஆணும் பெண்ணும் குழந்தையும் சேர்ந்து வாழ்ந்த இடத்தில் பள்ளியின் தேவை தானே எழுந்தது.

1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் நகரைக் கைப்பற்றினர். பள்ளிகள் குலைந்தன, திறந்திருந்தவற்றில் ஜப்பானிய மொழி நுழைந்தது. மூன்றரை ஆண்டுகள் கழிந்து 1945இல் போர் முடிந்தபோது, உணவுக்கும் துணிக்கும் மக்கள் அல்லலுற்றனர். அந்நிலையில், 1946இல், அச்சங்கம் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்த் தொடக்கப்பள்ளியைத் திறந்தது. அரிசிக்குப் பங்கீடு நடைமுறையில் இருந்த ஆண்டில் பள்ளிக்கூடம் திறந்த மக்கள் அவர்கள்.

பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் உமறுப்புலவர். அப்பெயரில் ஒரு தெளிவு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்து, எட்டயபுரத்தோடு தொடர்புடையவராய், வள்ளல் சீதக்காதியின் ஆதரவைப் பெற்று, நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் 'சீறாப்புராண'மாகத் தமிழ்க் காப்பிய மரபில் பாடியவர் அவர். தம் சமயத்தையும் தம் மொழியையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாத ஒருவரின் பெயரைத் தேர்ந்தது, அச்சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பிய முதற் பாடம் எனலாம். பள்ளிப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை, அப்பாடத்தையும் சேர்த்தே படித்தது.

6. ஏணியின் படிகள்

போருக்குப் பின் அரசின் போக்கிலும் மாற்றம் வந்தது. 1947இல் ஏற்கப்பட்ட பத்தாண்டுக் கல்வித் திட்டம், தாய்மொழியில் ஆறாண்டு இலவசத் தொடக்கக் கல்வியைக் குறிக்கோளாகக் கூறியது. 1956இல் வெளியான அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை, சீனப் பள்ளிகளின் கொந்தளிப்பை ஆராயப் புகுந்து, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்துக என்னும் முடிவுக்கு வந்தது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை ஒட்டி எழுந்தது. 1960இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முதன்முறையாக நான்கு மொழிகளிலும் நடந்தது. பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பிள்ளை, பிறரோடு ஒப்ப, தன் மொழியிலேயே நாட்டுத் தேர்வை எழுதலாயிற்று.

அதே 1960இல் உமறுப்புலவர் பள்ளி, மேக்ஸ்வெல் சாலையில் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப்பள்ளி அதுவே. மேலே, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் தொடங்கியிருந்தது. அதற்கு நிதி திரட்ட 'தமிழ் எங்கள் உயிர்' என்று சாரங்கபாணி 'முரசு' வழி எழுப்பிய குரலுக்குச் செவிசாய்த்துத் தொழிலாளிகளும் தம் வெள்ளிகளைத் தந்தனர். தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, பல்கலைக்கழகத் துறை என்று ஒரு முழு ஏணி சில ஆண்டுகளுக்குள் நிறுத்தப்பட்டது. அதன் ஒவ்வொரு படியிலும் சமூகத்தின் கைப்பொருள் இருந்தது.

வகுப்பறைக்குள் நிலைமை எப்படி? பாடநூல்கள் நெடுங்காலம் தமிழகத்திலிருந்து வந்தன. காவிரியையும் கார்த்திகை மாதத்து மழையையும் படித்த குழந்தை, சன்னலுக்கு வெளியே சிங்கப்பூர் ஆற்றையும் ஆண்டு முழுதும் பெய்யும் மழையையும் கண்டது. இந்நாட்டுச் சூழலுக்கேற்ற நூல்கள் வேண்டும் என்னும் குரல் எழுந்து, பிற்காலத்தில் இங்கேயே நூல்கள் உருவாயின. எழுதும் கைக்கும் சோதனை இருந்தது. ணா, றா, னா ஆகிய எழுத்துகளுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் அக்காலத்தில் தனி வடிவங்கள். குழந்தை அவற்றைத் தனித்தனியே நினைவிற்கொள்ள வேண்டும். பெரியார் முன்வைத்து நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. சிங்கப்பூர்ப் பள்ளிகளும் பின்னர் ஏற்றன. இன்றைய முதல் வகுப்பு மாணவர் அந்தச் சுமையை அறியார்.

வகுப்பறைக்கு வெளியே குழந்தையைத் தாங்கிய மற்றொரு கை, செய்தித்தாள். 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் முரசு' மாணவர்க்கென இதழ்ப்பகுதி ஒதுக்கி, மாணவர் மணிமன்றத்தை வளர்த்தது. தான் எழுதிய சில வரிகள் அச்சில் வருவதைக் கண்ட பிள்ளைக்கு, தமிழ் என்பது மதிப்பெண்ணுக்குரிய பாடம் என்பதைக் கடந்து, தன் குரல் ஊருக்குக் கேட்கும் வழியாயிற்று. பின்னாளில் சிங்கப்பூரின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கிய பலர் அம்மன்றத்தில் பழகியவர்கள்.

7. ஏணி ஏன் தளர்ந்தது?

இத்துணை உழைத்து நிறுத்திய ஏணி ஏறத்தாழ இருபதாண்டுகளில் வெறுமையாயிற்று. அதன் காரணங்களை நிதானமாக ஆராய்தல் வேண்டும்; ஏனெனில் 'தமிழ்ப்பற்று குறைந்தது' என்னும் ஒரே சொல்லால் அதனை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு.

ஏணியின் உச்சி குறுகலாக இருந்தது. ஒரே ஓர் உயர்நிலைப்பள்ளி. அதற்குப் பின், தமிழில் படித்தவர்க்குக் காத்திருந்த வேலைகள் மிகச் சில. தொழிற்சாலைகளும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் ஆங்கிலம் கேட்டன. சீனப் பள்ளிகளுக்குப் பெரும் மக்கள்தொகையும் பெருவணிகரின் பொருளும் இருந்தும், அவற்றிலும் மாணவர் சேர்க்கை சரிந்தது. சிறுபான்மையினரான தமிழர் பள்ளிகள் அவ்வெள்ளத்தில் நிலைத்திருக்கும் என எதிர்பார்த்தல் அரிது.

இரண்டாவது காரணம், சிலர் எண்ணுவதற்கு மாறானது. 1960 முதல் தொடக்கப்பள்ளிகளிலும் 1966 முதல் உயர்நிலைப்பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தாலும் பிள்ளை தமிழைப் பாடமாகக் கற்கலாம் என்று ஆனபின், பெற்றோரின் மனக்கலக்கம் தணிந்தது. வேலைக்கு ஆங்கிலம், வேருக்குத் தமிழ் என இரண்டையும் ஓரிடத்திலேயே பெறலாம் என்று அவர்கள் கருதினர். தமிழுக்குக் கிடைத்த பாதுகாப்பே தமிழ்ப் பள்ளியின் தேவையைக் குறைத்தது. அதே ஏற்பாடே, தமிழ்ப் பள்ளியின் வாசலை ஒருபோதும் மிதித்திராத ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொண்டுசென்றது என்பதையும் நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணம், குடியிருப்பு. தமிழ்ப் பள்ளிகள் தமிழர் செறிந்த இடங்களை நம்பியிருந்தன. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். தாயகம் திரும்பினோரும் பலர். 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகரின் பழைய குடியிருப்புகளில் நெருக்குண்டு கிடந்த மக்களுக்குப் புதிய நகரங்களில் நல்ல வீடுகளைத் தந்தது. தஞ்சோங் பகார்க் குடும்பங்களும் பரவிச் சென்றன. குடிநீரும் மின்சாரமும் தனிக் கழிவறையும் கிடைத்தன. பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட தமிழ் குறைந்தது. குடும்பங்கள் கூடியதால் எழுந்த பள்ளி, அவை பிரிந்ததால் தளர்ந்தது.

1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் வரலாறு சிங்கப்பூரில் அத்துடன் நிறைவுற்றது. ஆயினும் பெயர் அழியவில்லை. 1983இல் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் உருவாயிற்று. தம் பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத மாணவர்க்கும் உயர்தமிழ் கற்போர்க்கும் இன்று அது, சிராங்கூன் சாலைக்கு அருகில் பீட்டி சாலையில், பணியாற்றி வருகிறது.

8. திசை மாறிய வழி

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. திண்ணைப் பள்ளிக் காலத்திலும் 1946ஆம் ஆண்டிலும் வீட்டிலிருந்து பள்ளிக்குத் தமிழ் வந்தது. அம்மியருகே கேட்ட பேச்சு, சண்டை, தாலாட்டு, விலை பேசும் குரல் அனைத்தையும் காதில் நிறைத்துக்கொண்டு குழந்தை வகுப்பில் அமர்ந்தது. ஆசிரியர் 'அ' என்று எழுதிக்காட்டியபோது, அதற்குரிய நூறு சொற்கள் அக்குழந்தையிடம் முன்பே இருந்தன.

2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம். இன்று தொடக்கநிலை ஒன்றில் அமரும் குழந்தைகளுள் சிலர் நிறைந்த தமிழோடு வருகின்றனர். சிலர் கேட்டால் புரியும், பேச வராது என்னும் நிலையில் வருகின்றனர். சிலர்க்குத் தாத்தா பாட்டியின் சில சொற்களே கையிருப்பு. மூவரும் ஒரே வகுப்பில், ஒரே பாடநூலோடு உள்ளனர். எழுத்துக்கு முன் பேச்சைத் தரவேண்டிய பொறுப்பு, நம் கல்வி வரலாற்றில் முதன்முறையாக, தமிழாசிரியரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்குமாறு பரிந்துரைத்ததை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். அப்பரிந்துரை அன்று பலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வருத்தமாகவும் இருந்தது. செந்தமிழைக் கற்பிக்கவே பள்ளி, பேச்சைக் கற்பிக்கப் பள்ளி எதற்கு என்று கேட்டனர். திண்ணைப் பள்ளிக் காலத்தில் அக்கேள்விக்கு முழு நியாயம் இருந்தது. பேச்சை வீடு பார்த்துக்கொண்டது. வீடு அதனைச் செய்ய இயலாத இடத்தில் பள்ளியும் மறுத்தால், குழந்தை எழுதத் தெரிந்தும் பேசத் தெரியாததாய் நிற்கும். 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று ஒரு குழந்தை சொன்னால், அதனைப் பிழையென்று வெட்டுவதற்கு முன், அது தமிழில் எண்ணித் தமிழில் சொல்லியிருக்கிறது என்பதை ஆசிரியர் மகிழ்ந்து ஏற்க வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை அடுத்த படியாகக் காட்டலாம். பேச்சு இருந்தால் அதன்மேல் செந்தமிழைக் கட்டலாம். பேச்சே இல்லாத இடத்தில் கட்டுவதற்குத் தளம் இல்லை.

இப்பொறுப்பு முழுவதையும் ஆசிரியர்மேல் சுமத்திவிடுதலும் முறையன்று. தமிழ் வகுப்பு தனித்து நின்று வென்றதாக நம் வரலாற்றில் ஓரிடத்திலும் சான்று இல்லை. ஷார்ட் ஸ்திரீட்டின் ஒன்பது சிறுமியர்க்குப் பின்னே ஒன்பது வீடுகள் இருந்தன. நோரிஸ் சாலைப் பள்ளிகளுக்குப் பின்னே ஒரு மடம் இருந்தது. தஞ்சோங் பகார்ப் பள்ளிக்குப் பின்னே துறைமுகத்தில் மூட்டை சுமந்த தந்தையரும் மசாலை அரைத்து விற்ற தாய்மாரும் இருந்தனர். மாணவர் மணிமன்றத்துக்குப் பின்னே ஒரு செய்தித்தாள் இருந்தது. பின்னே நின்ற கை விலகியபோதெல்லாம் பள்ளி சாய்ந்தது.

ஆகவே இன்றைய ஆசிரியர் செய்யத்தக்க முதற்பணி, வகுப்பில் கற்ற தமிழ் அன்று மாலையே வீட்டுக்குள் நுழைய ஒரு வழி காண்பது. பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லும் ஒரு விடுகதை, அப்பா சிறுவயதில் ஆடிய ஆட்டத்தின் பெயர், தேக்கா சந்தையில் அம்மா வாங்கிய காய்களின் பட்டியல் என அது எத்துணைச் சிறியதாகவும் இருக்கலாம். தமிழ் அறியாத பெற்றோரும் பிள்ளையிடம் கேட்டுக் கற்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்குத் தன் தாய்க்கே ஆசிரியராக அமர்வதைவிடப் பெருமை வேறில்லை. சட்டாம்பிள்ளை முறையைக் கண்ட மரபு நம்முடையது. இளையவர் கற்பிக்கலாம் என்பதை உலகுக்கே காட்டிய மரபும் நம்முடையதே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சைனாடவுன் செல்லும்போது கடையநல்லூர்த் தெருவின் பெயர்ப்பலகையைக் காணுங்கள். பின்னர் வீட்டுக்குச் சென்று, உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றவர் யார், எந்தப் பள்ளி, எந்த மொழி, முதல் நாள் அவரை அழைத்துச் சென்றவர் யார் எனக் கேளுங்கள். விடை தெரிந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கேட்டவற்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். இவ்வுரையில் நான் சொன்னவை பள்ளிகளின் வரலாறு. அப்பள்ளிகளில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்.